ஹாஸ்டலில் யார் பலசாலி? அக்காவின் டிப்ஸ்

ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல் அறை ஒன்றில் கபடி ஆடுகிறவள், பளு தூக்குகிறவள், பேட்மிண்டன்காரி, 800 மீட்டர் ஓடுகிறவள் என நான்கு பேரைத் தங்க வைத்தால், "நம்மில் யாருக்குடி பலம் ஜாஸ்தி?" என்ற பேச்சு ஒருநாள் வந்தே தீரும். பேச்சு முற்றினால் மேஜையில் முழங்கையை ஊன்றிப் பஞ்சா பிடிக்க உட்கார்ந்துவிடுவீர்கள். என் முதல் டிப்ஸ் அதைப் பற்றித்தான்: பஞ்சா வேண்டாம். உடம்பு ஒரு பக்கம் திரும்ப, கை எதிர்ப்பக்கம் முறுக்கப்படும்போது, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே உள்ள எலும்பு திருகிக்கொண்டு உடைவது எலும்பு மருத்துவர்களுக்கு நன்றாகப் பழகிய காயம். நல்ல பயிற்சி எடுத்த இளம் கைகளும் அப்படி உடைந்திருக்கின்றன. ஒரு சீசனே போய்விடும். சரி, உடையாமல் ஜெயித்தாய் என்றே வை. அதில் என்ன தெரிந்தது? முன்கையின் நீளமும், எதிராளியின் மணிக்கட்டை முந்திக்கொண்டு வளைக்கும் சாமர்த்தியமும் சேர்ந்தே பாதி முடிவைச் சொல்லிவிடும்.

ஆனால் கேள்வி நல்ல கேள்விதான், கண்ணு. ஒழுங்காகக் கேட்டால் உன் ஆட்டத்தில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று அது காட்டிக்கொடுக்கும். கேட்கிற விதத்தைத்தான் சொல்லித்தரப் போகிறேன்.

எந்தப் பலம்?

ஒரே ஒரு முறை அதிகபட்சம் எவ்வளவு கனத்தைத் தூக்குகிறாய் என்பது ஒன்று. கனத்தை எவ்வளவு விரைவாக நகர்த்துகிறாய் என்பது வேறு. களைக்காமல் எத்தனை முறை என்பது இன்னொன்று. இந்த மூன்றிலும் ஒரே ஆள் முதலில் வருவது அபூர்வம். தசையின் இயல்பே அப்படி. நோபல் பரிசு பெற்ற ஏ.வி. ஹில் 1938-லேயே தவளையின் தசையை வைத்து இதைக் காட்டிவிட்டார்: தசை சுருங்கும் வேகம் கூடக் கூட அது தரும் விசை குறையும்.

ஓட்டத்தைப் பார். முழு வேகத்தில் ஓடும் முன்னணி ஓட்டக்காரரின் பாதம் ஒவ்வொரு அடியிலும் தரையில் இருப்பது ஏறத்தாழ 0.1 விநாடிதான். தசை தன் முழு விசையையும் திரட்ட 0.3 விநாடியாவது வேண்டும். ஆகவே ஸ்குவாட்டில் பெரிய கனம் போடுகிறவளின் பலத்தில் கணிசமான பகுதி ஓட்டத்தில் வெளியே வர நேரமே கிடைக்காது. "அவ்வளவு வெயிட் அடிக்கிறாள், 100 மீட்டரில் ஏன் பின்தங்குகிறாள்?" என்று யாராவது கிண்டல் செய்தால் பதில் இதுதான். பளு தூக்குகிறவர்களிலேயே பார்: டெட்லிஃப்டில் கனம் மெல்ல ஏறினாலும் லிஃப்ட் செல்லும். ஸ்நாட்சில் மெல்ல ஏறினால் பார் தலைக்கு மேல் போகவே போகாது. அதனால்தான் ஸ்நாட்ச் அடிக்கிறவர்கள் நின்ற இடத்திலிருந்து நன்றாக எம்பவும் செய்கிறார்கள்.

800 மீட்டர்க்காரியை ஒரு முறை தூக்கச் சொன்னால் உங்கள் அறையில் அவள்தான் கடைசி. நெடுந்தூரம் ஓடுகிறவர்களின் தொடையில் மெதுவாகச் சுருங்கி மெதுவாகக் களைக்கும் நார்கள் அதிகம். குறுந்தூரக்காரர்களுக்கு வேகமாகச் சுருங்கிச் சட்டென்று களைக்கும் நார்கள் அதிகம். 800 இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட பந்தயம். சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலி போல உட்காரும் வால் சிட் வைத்துப் பாருங்கள், கதை மாறும்.

எடையைக் கணக்கில் கொண்டு வா

1988 சியோல் ஒலிம்பிக்கில் துருக்கியின் நயிம் சுலைமானோக்லு 60 கிலோ பிரிவில் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 190 கிலோ தூக்கினார். உடல் எடையைப் போல மூன்று மடங்குக்கும் மேல். 2021-ல் ஜார்ஜியாவின் லாஷா தலகாட்சே அதே முறையில் 267 கிலோ தூக்கி உலக சாதனை படைத்தார். அவருடைய எடை 170 கிலோவுக்கும் மேல், ஆகவே இது ஒன்றரை மடங்கு சொச்சம்தான். அதே 2021-ல் மீராபாய் சானு 49 கிலோ பிரிவில் 119 கிலோ தூக்கியதும் அப்போது உலக சாதனை. அது ஏறத்தாழ 2.4 மடங்கு. யார் பலசாலி? கிலோவைப் பார்த்தால் லாஷா, மடங்கைப் பார்த்தால் நயிம்.

இரண்டுமே கொஞ்சம் அநியாயம். தசையின் விசை அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. உடல் எடையோ கன அளவைப் பொறுத்தது. ஆள் பெரிதாகும்போது எடை ஏறும் வேகத்துக்குப் பலம் ஏறாது. எறும்பு தன் எடையைப் போல பல மடங்கு சுமப்பதும் யானையால் அது முடியாததும் இதனால்தான். எனவே வெறும் கிலோவை வைத்துப் பார்த்தால் பெரிய உடம்புக்காரி ஜெயிப்பாள், மடங்கை வைத்துப் பார்த்தால் சின்ன உடம்புக்காரி ஜெயிப்பாள். டெஸ்ட் எடுக்கும் முன்பே முடிவு தெரிந்துவிடும்!

நடுவழி ஒன்று உண்டு. உடல் எடையை அதே எடையால் பெருக்கி, வரும் எண்ணுக்குக் கனமூலம் எடு. தூக்கிய கனத்தை அதனால் வகு. மொபைல் கால்குலேட்டரில் கனமூலக் குறி இருக்கும், பயப்படாதே. 48 கிலோ எடையுள்ள பெண் 72.5 கிலோ ஸ்குவாட் போடுகிறாள், 75 கிலோ எடையுள்ள பெண் 97.5 கிலோ போடுகிறாள் என்று வைத்துக்கொள். மடங்கில் பார்த்தால் முதலாமவள் 1.5, இரண்டாமவள் 1.3. நான் சொன்ன கணக்கில் இரண்டு பேருக்குமே 5.5-தான் வரும். அதாவது இரண்டு பேரும் சமம். இருபத்தைந்து கிலோ அதிகம் தூக்கினேன் என்று ஒருத்தியும், என் மடங்கு அதிகம் என்று இன்னொருத்தியும் சண்டை போடத் தேவையில்லை.

மடங்குக் கணக்கில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். மடங்கை ஏற்ற இரண்டு வழி: கனத்தைக் கூட்டுவது, அல்லது உன் எடையைக் குறைப்பது. இரண்டாவது சுலபமாகத் தெரியும். ராத்திரிச் சாப்பாட்டை விடுவது, தண்ணீர் குடிக்காமல் இருப்பது என்று ஆரம்பிக்கும். தேவைக்குக் குறைவாகச் சாப்பிட்டுக்கொண்டே கடுமையாகப் பயிற்சி செய்தால் மாதவிடாய் தள்ளிப்போகும், பிறகு நின்றே போகும், எலும்பு மெலியும், சின்ன விரிசல்கள் விழும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியே 2014-ல் இதற்குத் தனி ஆவணம் வெளியிட்டது. பீரியட்ஸ் மூன்று மாதம் வரவில்லை என்றால் "நல்லா டிரெய்னிங் பண்றேன், அதான்" என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதே, டாக்டரைப் பார். எடைப் பிரிவு உள்ள ஆட்டம் ஆடுகிறவர்களுக்கு இந்த நெருக்கடி இன்னும் அதிகம். 2024 பாரிஸில் வினேஷ் போகத் 50 கிலோ பிரிவின் இறுதிப் போட்டி நாளில் 100 கிராம் கூடுதலாக இருந்ததால் தகுதி இழந்ததை நாடே பார்த்தது. அறைத் தோழிகளுக்குள் நடக்கும் போட்டிக்கு எதற்கு அந்தப் பாடு?

எதை வைத்து அளப்பது

யாராவது ஒருத்தி தினமும் செய்யும் பயிற்சியையே டெஸ்டாக வைத்தால் அவள்தான் முதல் வருவாள். ஸ்குவாட் வைத்தால் பளு தூக்குகிறவள், தாவல் வைத்தால் வாலிபால்காரி. பலத்தில் பாதி பழக்கம். மூளை அந்த அசைவுக்குத் தசை நார்களை எப்படி ஒருசேர எழுப்புவது என்று கற்றிருக்கும். நம் ஊர் இளவட்டக்கல்லும் அப்படித்தான். உருண்டைக் கல்லில் பிடி கிடையாது. முழங்காலில் ஏற்றி, நெஞ்சோடு அணைத்து, தோளுக்குத் தள்ளும் வித்தை தெரியாவிட்டால் ஜிம்மில் அதைவிடக் கனம் தூக்குகிறவரும் திணறுவார். நெல்லைப் பக்கம் வடலிவிளையில் பொங்கலுக்கு நடக்கும் போட்டியில் பெண்களும் அந்தக் கல்லைத் தூக்குகிறார்கள், முடிந்தால் ஒரு தடவை போய்ப் பார்.

ஆகவே ஒரு டெஸ்ட் போதாது, மூன்று நான்கு வையுங்கள். எல்லாம் ஹாஸ்டலிலேயே நடத்தக்கூடியவை.

ஸ்குவாட், டெட்லிஃப்ட் போன்றவற்றில் ஒரே தடவைக்கான அதிகபட்சத்தை நேரடியாகச் சோதிக்காதே, கோச் பக்கத்தில் இல்லாமல் நிச்சயமாக வேண்டாம். ஆறு தடவை ஒழுங்காகத் தூக்கக்கூடிய கனத்தை எடு. தடவை எண்ணிக்கையை 30-ஆல் வகுத்து, ஒன்றைக் கூட்டி, கனத்தால் பெருக்கு. 60 கிலோவை ஆறு தடவை என்றால் 60 பெருக்கல் 1.2, அதாவது 72 கிலோ. இது எப்லி சூத்திரம். பத்துத் தடவைக்கு மேல் போனால் கணக்கு பிசகும். செட்டுக்குச் செட் மூன்று நிமிடமாவது ஓய்வு வேண்டும். அவசரப்பட்டு அடித்தால் பலத்துக்குப் பதில் களைப்பைத்தான் அளப்பாய்.

கைப்பிடி பலத்துக்குக் கிரிப் டைனமோமீட்டர் என்று ஒரு கருவி. பிசியோதெரபி டிபார்ட்மென்டில் கேட்டால் இருக்கும். உட்கார்ந்து, முழங்கையை 90 பாகையில் மடக்கி, உடம்போடு ஒட்டி வைத்து, மூன்று தடவை அழுத்து. எல்லோரும் இதே மாதிரி. ஒருத்தி நின்றுகொண்டு கையை நீட்டி அழுத்தினால் ஒப்பிடவே முடியாது. கருவி கையில் கிடைத்த சாக்கில் பாட்டியையும் ஒரு அழுத்து அழுத்தச் சொல். வயதான பெண்களுக்கு 18 கிலோவுக்குக் கீழே வந்தால் தசை கரைகிறதா என்று பார்க்க வேண்டும் என்பது ஆசிய நாடுகளுக்கான 2019 வரையறை.

தாவலுக்குச் சுவரும் சாக்பீஸ் தூளும் போதும். முதலில் நின்றபடி கையை உயர்த்தி ஒரு அடையாளம், பிறகு எம்பி ஒரு அடையாளம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உன் தாவல். முதல் அடையாளத்தை மறந்தால் உயரமானவள் சும்மா நின்றே ஜெயித்துவிடுவாள். மூன்று அடி ஓடி வந்து எம்புவதும் கூடாது.

தாவலிலும் எடை ஒளிந்திருக்கிறது. 50 கிலோ எடையுள்ளவள் 40 சென்டிமீட்டர் எம்புகிறாள், 70 கிலோ எடையுள்ளவள் 34 எம்புகிறாள். உயரத்தில் முதலாமவள்தான் மேல். ஆனால் தாவும் திறனை வாட்டில் கணக்கிட, சேயர்ஸ் என்ற ஆய்வாளர் தந்த சூத்திரம் ஒன்று இருக்கிறது: தாவலின் சென்டிமீட்டரை 60.7-ஆல் பெருக்கு, எடைக் கிலோவை 45.3-ஆல் பெருக்கு, இரண்டையும் கூட்டி 2055-ஐக் கழி. முதலாமவளுக்கு 2638 வாட், இரண்டாமவளுக்கு 3180 வாட் வரும். நெட்டுக்கு மேல் எம்ப வேண்டிய வாலிபாலில் முதலாமவள் வேண்டும். ரைடரை டேஷ் அடித்து வெளியே தள்ள வேண்டிய கபடியில் இரண்டாமவள் வேண்டும். அதே எண்கள்தான், ஆட்டத்துக்கு ஆட்டம் தேர்வு மாறுகிறது.

தோழியோடு ஒப்பிடும் முன் உன் இடது காலை வலது காலோடு ஒப்பிடு என்றும் சொல்வேன். ஒற்றைக் காலில் முன்னோக்கித் தாவி, அதே காலில் ஆடாமல் இறங்கு. தூரத்தை அளந்து இரு காலையும் பார். குறைந்த கால் நல்ல காலின் 90 சதவீதத்தையாவது எட்ட வேண்டும் என்பது முழங்கால் ஆபரேஷன் ஆனவர்களை மீண்டும் களத்துக்கு அனுப்பும்போது பிசியோக்கள் பார்க்கும் அளவு. காயமே படாத உனக்கும் அது நல்ல அளவுகோல். ராக்கெட் பிடிக்கும் ஆட்டங்களில் கைகளில் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். டென்னிஸ் ஆட்டக்காரர்களின் எக்ஸ்ரேயில் ஆடும் கையின் எலும்பே மற்றதைவிடத் தடித்திருக்கும். அதைச் சமப்படுத்தியே தீருவேன் என்று கிளம்ப வேண்டாம்.

அண்ணன், தம்பி சவால் விட்டால்

விடுமுறைக்கு வீட்டுக்குப் போனால் இது நடக்கும். ஸ்டேட் லெவல் ஆடுகிற உன்னை, நாள் முழுக்க மொபைல் பார்க்கும் தம்பி கைப்பிடியில் ஜெயித்துவிடுவான். சுருங்கிப் போகாதே. ஜெர்மனியில் 2007-ல் வெளியான ஆய்வு ஒன்றில் ஜூடோ, ஹேண்ட்பால் ஆடும் தேசிய அளவு வீராங்கனைகளின் கைப்பிடியை அளந்தார்கள். சாதாரணப் பெண்களைவிட வெகுவாக முன்னே இருந்தார்கள். ஆனால் தனிப்பயிற்சி எதுவும் இல்லாத இளைஞர்களின் சராசரியைத் தாண்டியவர்கள் அபூர்வம். பருவ வயதில் டெஸ்டோஸ்டிரோன் ஆண்களின் மேலுடம்பில் சேர்க்கும் தசை அவ்வளவு. இடுப்புக்குக் கீழே இந்த இடைவெளி நன்றாகவே குறைவு. ஆகவே உன் எண்ணை உன் வயதுப் பெண்களின் எண்ணோடு வை. தம்பி ரொம்ப ஆடினால் ஒரு ரைடு வரச் சொல்லு, ஆங்கிள் ஹோல்டு போட்டு உட்கார வை.

யாரிடம் எதைக் கடன் வாங்கலாம்

ஒப்பிட்டுப் பார்ப்பதில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். பளு தூக்குகிறவளிடமிருந்து கற்க வேண்டியது இடுப்பிலிருந்து விசையைக் கிளப்பி, முதுகை வளைக்காமல் மேலே அனுப்புவது. கபடியில் கார்னரில் நிற்கிறவளுக்கு இது அப்படியே பயன்படும். ஆங்கிள் பிடித்த பிறகு இழுப்பது கை என்று நினைக்கிறோம், உண்மையில் இழுப்பது இடுப்பும் தொடையும். பிடி விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வதுதான் கையின் வேலை. கிளீன் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் வெறும் பாரில் ஆரம்பி. தோழிதானே என்று அவள் கனத்தைப் போட்டுப் பார்க்காதே.

பேட்மிண்டன்காரியை யாரும் பலசாலி என்று எண்ணுவதில்லை, ராக்கெட் 100 கிராம்கூட இருக்காது. நெட் பக்கம் பாய்ந்து ஒற்றைக் காலில் நின்று, அதே காலால் உடம்பைப் பின்னுக்குத் தள்ளுகிறாளே, அந்த முன்காலைப் பார். ஓடிவரும் உடம்பை நிறுத்தும் பலம் அது. தசை நீண்டுகொண்டே விசை தருவது. கபடி ரைடருக்கும் கால்பந்துக்காரிக்கும் இதுதான் பற்றாக்குறை. போனஸ் எடுத்துவிட்டுத் திரும்பும்போது முழங்கால் உள்பக்கம் சரிவதை உன் வீடியோவிலேயே பார்க்கலாம். யாரும் மோதாமலே முழங்காலின் ஏ.சி.எல். தசைநார் கிழிவது ஒரே ஆட்டத்தில் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். இப்படி இறங்குவதும் திரும்புவதும்தான் அதற்கு முக்கியமான சந்தர்ப்பம்.

இதற்கு மருந்து முன்தொடையை மட்டும் வளர்ப்பதில் இல்லை. பின்தொடையின் பலம் முன்தொடையின் பலத்தில் 60 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது பரவலான கணக்கு. ஸ்குவாட் மட்டுமே அடிக்கிறவர்களுக்கு அது எட்டாது. ராத்திரி அறையிலேயே செய்யக்கூடிய பயிற்சி ஒன்று: மெத்தையில் மண்டியிடு, தோழி உன் கணுக்கால்களைப் பிடித்துக்கொள்ளட்டும், முழங்காலிலிருந்து தலை வரை ஒரே கோடாக மெல்ல முன்னே சரி. தாங்க முடியாதபோது கையை ஊன்றிக்கொள். நார்டிக் என்பார்கள். பின்தொடைக் காயங்களை ஏறக்குறைய பாதியாகக் குறைப்பதாகக் கால்பந்து அணிகளில் பார்த்திருக்கிறார்கள். முதல் வாரம் படி இறங்கும்போது திட்டுவாய், பரவாயில்லை. வாரம் இரண்டு நாள், ஐந்து தடவை என்று ஆரம்பி.

800 மீட்டர்க்காரியிடம் மூச்சைத் தவிர வேறென்ன வாங்குவது என்று கேட்காதே. அவள் பயிற்சி நோட்டைப் பார். தேதி, தூரம், நேரம், தூக்கம், பீரியட்ஸ் நாள் எல்லாம் எழுதியிருப்பாள். பலம் மாதத்தில் சில நாள் சற்று ஏறி இறங்குவதாகச் சிலருக்குத் தோன்றும், சிலருக்கு ஒன்றுமே தெரியாது. உனக்கு எப்படி என்பதை உன் நோட்டுதான் சொல்லும். ஓட்டக்காரிகளுக்கு இந்தப் பழக்கம் தானாக வந்துவிடுகிறது. நம் கபடிப் பெண்களுக்குத்தான் நோட்டு என்றாலே அலர்ஜி.

டெஸ்ட் நாளுக்கு மேட்ச் முடிந்த மறுநாளையோ செமஸ்டர் வாரத்தையோ வைக்காதீர்கள். அடுத்த டெஸ்டை எட்டு வாரம் கழித்து, அதே நேரம், அதே ஷூ, அதே வரிசையில் எடுங்கள். தாவல் முதலில், கனம் பிறகு, வால் சிட் கடைசியில். வால் சிட்டை முதலில் வைத்தால் தொடை நடுங்கி மற்ற எல்லா எண்ணும் கெட்டுப்போகும். காலையில் நான்கு இட்லியாவது சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் விட்டு ஆரம்பி. முழங்காலில் குத்துகிற மாதிரி வலித்தால் அந்த டெஸ்டை விட்டுவிடு, அன்று சாயங்காலமே பிசியோவைப் பார்.